தூரமா

தூரமா என்றுதான் கேட்டேன். அதற்கு மேல் எனக்குக் கேட்க வராது. கூடாரத்தின் வாயில் குந்தியபடி சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள் லோஷினி. மழை அப்போது விட்டிருந்தது. விட்டிருந்தது என்றால் வானம் விட்டிருந்தது, மரங்கள் விடவில்லை. நான் படுத்தபடியே தூரமா என்றேன். என் மகள் திரும்பிப் பார்க்காமல் "கிட்டத்தான்ப்பா" என்றாள். பிறகு வெளியே நின்று கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடினாள், நீளமான துணியை யாரோ ஒரே இழுப்பில் கிழிப்பது போல இருந்தது, அவ்வளவுதான், போய்விட்டாள். அப்போது மூன்றேகால். இப்போது நாலேகால் ஆகப்போகிறது, மழை மறுபடி பிடித்துக்கொண்டது, கூரையில் ஒரு மூலையில் தண்ணீர் சேர்ந்து தொப்பை போட்டிருக்கிறது, அதை உள்ளேயிருந்து விரலால் தள்ளினால் வெளியே ஒரு வாளித் தண்ணீர் சரிகிறது, தள்ளுகிறேன், மறுபடி சேர்கிறது. கிட்டத்தான்ப்பா. எதற்குக் கிட்டே? இந்தப் பூங்காவில் கூடாரம் போட்டிருக்கிற இடத்திலிருந்து இருபது அடி நடந்தால் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் சிமெண்டுப் படிகள், குன்றின் மேல் இருக்கிற பெரிய பழங்கோயில் அடித்தளத்துக்குப் போகும். இடது பக்கம் வேர்கள் பின்னிய மண் பாதை, ஆற்றுக்கு இறங்கும், அங்கே கற்களைத் தாண்டித் தாண்டிப் போனால் அக்கரையில் இன்னொரு அடித்தளம், சின்னது, பாசி பிடித்தது. இரண்டுக்கும் ஒரே தூரம். நேற்று சாயந்தரம் பெயர்ப்பலகையில் படித்தேன், இரண்டுக்கும் நானூறு மீட்டர் என்று போட்டிருந்தது. இரண்டும் கிட்டத்தான்.

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் கெடும். வாய் தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார வேண்டும், ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், அப்புறம்தான் மறுபடி எழுந்து போக வேண்டும். அதனால்தான் தூரமா என்று கேட்பது. அது தூரத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. தூரமா என்றால் பாசாருக்கு, சந்தைக்கு என்று சொல்ல வேண்டும், கோயிலுக்கு என்று சொல்ல வேண்டும், இன்னார் வீட்டுக்கு என்று சொல்ல வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, எப்படியோ தெரிந்துகொண்டேன். லோஷினி மலாய்ப் பள்ளியில் படித்தவள், அவளுடைய தமிழ் சாப்பாட்டு மேசையில் காதால் பிடித்த தமிழ். அவளுக்குத் தூரம் என்றால் தூரம்தான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றும் நான் தூரமா என்றுதான் கேட்டேன், அவள் "ஆமாப்பா, ப்ளைட்லதான் போவணும்" என்றாள், கடல் தாண்டிச் சபா என்று என் மனைவி இந்திராணி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வரும் திங்கட்கிழமை பறக்கிறாள். அதற்காகத்தான் இந்த மழையில் இந்தக் கூடாரம். தண்ணீர் குடிக்கிற விஷயம் மட்டும் அவளுக்குத் தெரியும், அது இந்திராணியின் வேலை. கார் வரைக்கும் போன பிள்ளையைப் பின்னாலிருந்து கூப்பிட்டு எங்கே என்று கேட்டுவிட்டால் உடனே உட்கார வைத்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுப்பாள். லோஷினி நாடகத்தில் வருகிறவள் மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, "போதுமாம்மா, சாமி ஓக்கேவா?" என்பாள். நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த விளையாட்டில் நான் சேர்ந்துகொண்டதே இல்லை.

வெளியே தார்ப்பாய்க்கு அடியில் என் மச்சினன் தேவா அடுப்போடு மல்லாடிக்கொண்டிருக்கிறான். ஈரக் காற்றில் தீ நிற்கவில்லை. "அலாமா, மச்சான், ஆயிரம் வருஷத்துக்கு முந்தி நம்ம ஆளுங்க கப்பல்ல வந்து இங்க கோயில் கட்டிருக்கான், நான் ஒரு மெகி மீ போட முடியல பாருங்க" என்கிறான். நேற்றிலிருந்து இதையேதான் வெவ்வேறு மாதிரி சொல்கிறான். நம்ம ஆளுங்க, நம்ம ஆளுங்க. நேற்று அந்தப் பெரிய அடித்தளத்தின் மேல் நின்றபோது எனக்குப் பெருமை ஒன்றும் வரவில்லை. சதுரமாக ஒரு கல்மேடை, நடுவில் ஒரு குழி, சுற்றிலும் தூண்கள் நின்ற வட்டமான தடங்கள். மேலே கூரை இருந்திருக்கும், மரத்தில், அது போய்விட்டது, அந்தத் தூண்களும் போய்விட்டன. வந்தவர்கள் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று பலகையில் எழுதவில்லை. நான் அந்த வட்டங்களில் ஒன்றில் காலை வைத்துப் பார்த்தேன், தண்ணீர் தேங்கியிருந்தது, கணுக்கால் வரைக்கும் குளிர்ந்தது. லோஷினி பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்தாள். அந்தப் போன் இப்போது காருக்குள் சார்ஜில் கிடக்கிறது. இங்கே சிக்னலும் இல்லை. போன் இருந்தாலும் என்ன கேட்டிருப்பேன்?

இந்திராணி குளியலறைப் பக்கமிருந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். "லோஷி எங்க?" "வெளிய போயிருக்கா." "வெளியன்னா?" "கிட்டத்தான்னு சொன்னா." "எங்கன்னு கேக்கலயா?" நான் கூரையின் தொப்பையைத் தள்ளினேன். தண்ணீர் சரிந்தது. "என்னாங்க, ஒங்களத்தான். மழை இந்த ஊத்து ஊத்துது, புள்ள எங்க போனான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?" தேவா வெளியிலிருந்து, "இரு அக்கா, வந்துருவா, சின்னப் புள்ளயா?" என்றான். அவள் அவனைக் கவனிக்கவில்லை. குரல் தணிந்துவிட்டது, இந்திராணிக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். "பத்தொம்பது வருசமா பாக்குறேன். ஒரு நாள், ஒரு தடவ, அவகிட்ட எங்க போறேன்னு நீங்க கேட்டதில்ல. அவ ஃப்ரெண்டுங்க அப்பாலாம் நூறு கேள்வி கேக்குறாங்களாம். எங்கிட்ட என்னா சொன்னா தெரியுமா? நான் எங்க போனாலும் அப்பாவுக்கு ஒண்ணுதாம்மா, அதான் சபாவுக்கே எழுதிப் போட்டேன்னா." சொல்லிவிட்டுப் போய்ப் பாதை பிரிகிற இடத்தில் குடையோடு நின்றாள். தேவா அடுப்பை அணைத்தான், அணைக்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் பிடியைத் திருப்பினான். "நான் மேல போயி பாக்குறேன் மச்சான். படத்துக்கு நல்லாருக்கும்னு அங்கதான் போயிருப்பா. நீங்க இங்கயே இருங்க, திரும்பி வந்தா ஆள் இருக்கணும்ல?" என்று படிகளில் ஏறிப் போனான்.

ஆள் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். ஈரத் தார்ப்பாய் நாற்றம் அடிக்கிறது, இந்த நாற்றத்துக்குத்தான் நான் இத்தனை வருஷமாகக் கூடாரம் என்றாலே ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன், முதுகுவலி என்பேன், கொசு என்பேன். அப்பாவை லோரியின் தார்ப்பாயில்தான் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. பலகை ஆலையில் வேலை செய்த அப்பா அன்று ஆலைக்குப் போகவில்லை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினார். நான் வாசலில் கோலியோடு உட்கார்ந்திருந்தேன். "எங்கப்பா போறீங்க?" அவ்வளவுதான் கேட்டேன். உள்ளேயிருந்து வந்த அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "போற வழியில வாய வைக்கிறான் பாரு." அப்பா சிரித்தார். மோட்டாரை நிறுத்தினார், திரும்பி வந்தார், பச்சை நைலான் கயிறு பின்னிய நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார். அவசரமில்லாமல் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எழுந்தார். போனார். ஐந்து நிமிஷம் இருக்குமா? கோப்பிக் கடைக்காரர் அப்புறம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியாது: அஞ்சு நிமிசம் முன்னாடி வந்திருந்தா அந்த லோரி திரும்பியே இருக்காதுப்பா. அஞ்சு நிமிசம். அந்த ஐந்து நிமிஷத்தை யார் கொடுத்தது என்று எனக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், அவள் சாகிற வரைக்கும் அதைப் பேசவில்லை, அடிக்கவுமில்லை, அதற்கப்புறம் அவள் என்னை அடித்ததே இல்லை. இதை நான் இந்திராணியிடம் சொன்னதில்லை. விபத்து என்றுதான் சொல்லியிருக்கிறேன். விபத்துதானே.

ஆனால் அதுகூட இல்லை, அதுகூடப் பழகிவிட்டது, ஒரு கல்லை நாற்பத்தைந்து வருஷம் சட்டைப் பையில் வைத்திருந்தால் சட்டையே அப்படித் தொங்கத் தொடங்கிவிடும். பழகாதது இன்னொன்று. அப்பா விழுந்து கிடந்த சாலை ஆலைக்குப் போகிற சாலை இல்லை. பாசாருக்குப் போகிற சாலையும் இல்லை. அந்தப் பக்கம் எங்களுக்கு யாருமில்லை. மோட்டார்க் கூடையில் ஒரு புதுத் துண்டும் ஒரு முழு ரொட்டியும் இருந்தன, ரொட்டி நசுங்கக்கூட இல்லை. யாருக்கு? ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கவா? அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இல்லை. ஒரு பெண் என்று பெரியப்பா வீட்டில் குசுகுசுத்தார்கள். இருக்கலாம். துண்டும் ரொட்டியும் கொண்டு ஒரு பெண்ணைப் பார்க்கப் போவார்களா? நான் கேட்டேன், எங்கப்பா போறீங்க என்று, அவர் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், ஆனால் பதில் சொல்லவில்லை. சடங்கு முடிந்துவிட்டது, பதிலை எல்லாரும் மறந்துவிட்டோம். அந்தக் கேள்வி இன்னும் அந்த வாசலிலேயே நிற்கிறது. கேட்டதனால் செத்தாரா, கேட்டும் தெரியாமல் போனதா, இரண்டில் எது என்னைத் தின்கிறது என்று ராத்திரிகளில் யோசித்திருக்கிறேன், ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும். இப்போது பார், இன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் லோஷினி திரும்பியிருப்பாள், உட்கார்ந்திருப்பாள், அந்த நாடகத் தண்ணீரைக் குடித்திருப்பாள், ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், அதற்குள் மழை மறுபடி தொடங்கியிருக்கும், அவள் போயிருக்கவே மாட்டாள். ஐந்து நிமிஷம் கொடுத்து ஒருவரை அனுப்பினேன். ஐந்து நிமிஷம் கொடுக்காமல் ஒருத்தியை. இல்லை, அப்படி நினைக்கக்கூடாது. கிட்டத்தான். கூரையைத் தள்ளு.

மோட்டார் சத்தம் கேட்டது. உடம்பு எழுந்துவிட்டது, எனக்கு முன்னால் எழுந்துவிட்டது. பூங்காக் காவலர் ஓஸ்மான், எல்லாருக்கும் பாக்சிக், அதாவது மாமா, மஞ்சள் மழைக்கோட்டில், மண்ணில் வழுக்கி வழுக்கி வந்து நிறுத்தினார். மலாயில் சொன்னார், மலை மேலே பலத்த மழை, ஆற்றில் தண்ணீர் இறங்கப்போகிறது, கூடாரத்தைக் கழற்றி மேலே கொண்டுபோங்கள். மலையில் பெய்த மழை ஒரேயடியாகத் திரண்டு சுவர் மாதிரி வருவதை இங்கே தண்ணீரின் தலை என்பார்கள், கெப்பாலா ஆயர். தலை வந்தபிறகு ஓட முடியாது. எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர் என்றேன். அவர் என்னையும் இந்திராணியையும் பார்த்தார், படியில் தனியாக இறங்கி வந்துகொண்டிருந்த தேவாவைப் பார்த்தார். "அந்த நீல மழைக்கோட்டுப் பெண் இன்னும் வரவில்லையா?" "பார்த்தீர்களா?" "மூன்றேகால் சுமாருக்கு இந்த முக்கில்தான் பார்த்தேன். நாக் பீ மானா என்று கேட்டேன். அக்கரைக்கு, கல்லைப் பார்க்க என்றாள். மழை வருவதற்குள் திரும்பிவிடு என்றேன், சரி என்றாள்." நாக் பீ மானா. எங்கே போகிறாய். இந்த நாட்டில் பிறந்ததிலிருந்து என்னை அப்படித்தான் எல்லாரும் விசாரிக்கிறார்கள், அது அவர்கள் பாஷையில் சௌக்கியமா என்பது மாதிரி, பக்கத்து வீட்டுக்காரர் தினம் கேட்பார், நானும் தினம் அவரைக் கேட்பேன், ஒரு மயிரும் சிலிர்த்ததில்லை, யாரும் சாகவில்லை. மலாயில் கேட்டிருக்கலாமே. பெற்ற மகளிடம் மலாயிலாவது கேட்டிருக்கலாமே. இருபது அடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு வழிப்போக்கர் கேட்டார், அவள் சொல்லியிருக்கிறாள். அக்கரைக்கு. கல்லைப் பார்க்க.

நான் ஓடினேன் என்பது என் மூச்சுச் சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஐம்பத்துநாலு வயது, முழங்கால், வேர்கள், வேர்கள் எல்லாம் நனைந்த பாம்பு மாதிரி வழுக்கின, பின்னால் இந்திராணி மகளின் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தாள், என்னைக் கூப்பிடவில்லை, போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது, இந்த நேரத்திலும் அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறது என்று நினைத்தேன், இந்த நேரத்திலும் எனக்கு அதை நினைக்கத் தோன்றுகிறது என்றும் நினைத்தேன். தார்ப்பாய் நாற்றம் என் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. ஓஸ்மான் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்தார். மரங்கள் விலகின. ஆறு. நேற்று பார்த்த அதே ஆறுதான், கொஞ்சம் நிறம் மாறி, பால் அதிகமாகிப்போன கோப்பி மாதிரி. கற்கள் இன்னும் வெளியே தெரிந்தன, ஒன்று, இரண்டு, ஏழு கற்கள். அக்கரையில் பாசி பிடித்த மேடையிலிருந்து நீல மழைக்கோட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. தலையைக் குனிந்து, காலைப் பார்த்து, நல்ல பிள்ளையாக, மழை விடும் என்று மரத்தடியில் ஒதுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற பிள்ளை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. மேலே வளைவில் அந்தச் சத்தம், லோரி இரண்டாவது கியரில் ஏறுகிற மாதிரி, மரக்கட்டை ஏற்றின லோரி. அவள் முதல் கல்லில் கால் வைத்தாள். வராதே என்று கத்த வேண்டும். நில்லு என்று கத்த வேண்டும். ஓஸ்மான் மலாயில் ஏதோ கத்தினார், அவள் காதில் விழவில்லை. நான் வாயைத் திறந்தேன், நாற்பத்தைந்து வருஷமாக அங்கே காத்துக்கொண்டு நின்றது வெளியே வந்தது.

"லோஷினி! எங்கம்மா போறே?"

அவள் நிமிர்ந்தாள். ஒரு கால் கல்லில், ஒரு கால் கரையில். என்னைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலும் அவள் முகத்தில் ஆச்சரியம் விரிவது தெரிந்தது, நான் ஏதோ பாட்டுப் பாடிவிட்ட மாதிரி. பிறகு கல்லிலிருந்து காலை எடுத்தாள். திரும்பினாள். போய் மேடையின் ஓரத்தில், தூண் நின்றிருந்த வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்டேன், அதனால் உட்கார்ந்தாள். அப்போதுதான் தண்ணீரின் தலை வளைவைத் தாண்டி வந்தது. கிளைகள், நுரை, வேரோடு ஒரு மூங்கில் புதர். ஏழு கற்களும் ஒன்றாக மறைந்தன, ஒரு கை மேசையைத் துடைப்பது மாதிரி. அவள் துள்ளி எழுந்து மேடையின் நடுவுக்குப் போனாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கற்கள் இருந்த இடத்தையே பார்த்தாள். மேடை உயரம், அங்கே தண்ணீர் ஏறாது, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும், கீழே தொங்குபாலம் இருக்கிறது, நானே போய்க் கூட்டி வருகிறேன் என்று ஓஸ்மான் என் தோளைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்திராணி சேற்றில் உட்கார்ந்து அழுதாள். தேவா வந்து அவளைத் தூக்கப் பார்த்தான்.

லோஷினி அங்கிருந்து ஏதோ கத்தினாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, உதடுகள்தான் தெரிந்தன, கிட்டத்தான்ப்பா என்றாளா, வேறேதாவதா, தெரியவில்லை. நான் காதைத் தொட்டுக் கையை விரித்தேன்.  அவள் மறுபடி கல்லில் உட்கார்ந்து, பக்கத்தில் தொங்கிய பெரிய இலை ஒன்றை வளைத்து, அதிலிருந்து வடிகிற மழையை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, என் பக்கம் முகத்தைத் தூக்கிக் காட்டிக் குடித்தாள். பாதி சிந்தியது, இருந்தாலும் அந்த நாடகத்தை விடவில்லை. எனக்காகச் செய்கிறாள். தண்ணீர் குடிக்கத் தெரிந்தவளுக்கு, தூரமா என்றால் என்ன என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டேதான், இத்தனை வருஷமும், நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளா? நானும் இக்கரையில் ஈரக் கல்லில் உட்கார்ந்தேன். அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள். அந்தத் துடைப்பு எனக்குத் தெரியும், என் அப்பாவின் துடைப்பு. அதை அவள் பார்த்ததே இல்லை, பார்த்திருக்க முடியாது. குடித்து முடித்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். துண்டும் ரொட்டியும் யாருக்கு என்று சொல்லாமலே போய்விடுவார்கள். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, கேட்காது என்று தெரிந்தும், இன்னும் கொஞ்சம் குடிம்மா என்றேன். அவள் இலையை மறுபடி வளைத்தாள்.